மூன்று பை வெள்ளை மண்

நான் ஒரு மனிதனின் கையைப் பற்றிப் பொய் எழுதினேன். ஆங்கிலத்தில், தட்டச்சில், ஒன்றரைப் பக்கம். கீழே என் கையொப்பம். அந்த ஒன்றரைப் பக்கத்தால் அவருக்கு வேலை போயிற்று. எனக்கு மறு ஆண்டு பதவி உயர்வு வந்தது. இதை முதலில் சொல்லிவிடாமல் என் லண்டன் பயணத்தைப் பற்றி எழுத முடியாது.

அப்போது தென்னிலங்கையில் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். தட்டுகளும் கோப்பைகளும் அச்சில் வார்க்கப்பட்டன. வெளிநாட்டு ஹோட்டல்களுக்கான தேநீர்ச் சாடிகளை மட்டும் சக்கரத்தில் கையால் வனைந்தார்கள். அந்தப் பகுதியில் தலைமைக் கை தவராசா. சாடிகள் மஞ்சளடிக்கின்றன என்று வாங்குபவர்கள் முறையிட, நான் மண்கலவையை மாற்றினேன். இழுபடும் தன்மையைத் தருகிற களிமண்ணைப் பாதியாகக் குறைத்தேன். வெள்ளை கூடிற்று. அச்சில் அழுத்திய சிறு கட்டிகளைக் காயவைத்துச் சோதித்தேன், ஒன்றும் வெடிக்கவில்லை. சக்கரத்தில் வனைந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மண்ணை எண்ணாகவே பார்த்துப் பழகியவன் செய்கிற பிழை அது.

சூளையிலிருந்து வந்த முந்நூறு சாடிகளில் பெரும்பாலானவற்றின் அடியில் பாம்பு நெளிந்ததுபோல ஒரு வெடிப்பு. வனைபவர் அடியை விரலால் நன்றாக அமுக்காவிட்டாலும் இதே வெடிப்புத்தான் வரும். ‘தவராசாவின் கைப்பிழை’ என்று எழுதினேன்.

அதுவரை அறியாமல் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு பியதாச என்ற இன்னொரு வனைபவரிடம் அதே மண்ணைக் கொடுத்துப் பத்துச் சாடிகள் செய்வித்தேன். ஏழு வெடித்தன. தவராசா மீதான விசாரணை முடிய இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள், இருந்தது. திருத்தி எழுதியிருக்கலாம். நான் பத்தையும் உடைத்து அரைவைத் தொட்டியில் போட்டேன். பியதாசவிடம் வாய் திறக்காதே என்றேன். அடுத்த கலவையில் களிமண்ணைச் சத்தமில்லாமல் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன்.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. நான் ஓய்வுபெற்று கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் ஹரோவில் இருக்கும் என் மகன் கண்ணன் இரண்டு மாதம் வந்து தங்கும்படி கூப்பிட்டான். போனேன்.

முதல் மூன்று நாட்களும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லா வீடுகளும் பாதி வீடுகள்; ஒரு வீட்டை நடுவில் பிளந்து இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் நடக்கப் போய், திரும்பி வந்து, இரண்டு தரம் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். அந்த வீட்டு ஆங்கிலேயர் இரண்டாம் தரம் கதவைத் திறந்து, “உள்ளே வந்து தேநீர் குடித்துவிட்டே போங்கள், எப்படியும் நாளைக்கும் வருவீர்கள்” என்றார். நான் அதைக் கோபம் என்று எண்ணி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். அது அழைப்பு என்று மாலையில் மகன் சொன்னான்.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. மகன் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனான். செருப்பு வைக்கும் இடத்தில் குனிந்து கால்மேசுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோயிலுக்கு மேசு கழற்றுவதே எனக்குப் புதிது. தலைக்கு மேலே ஒரு குரல்.

“சேர், என்னைத் தெரியுதோ?”

முடி முழுதும் வெளுத்திருந்தது. ஆனால் கைகளைத் தெரிந்தது. அகன்ற உள்ளங்கை, வளைந்த கட்டைவிரல். என்னால் எழும்ப முடியவில்லை. தவராசா நான் மூட்டுவலிக்காரன் என்று நினைத்து, கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

“நீங்கள்தான் சேர், நான் வெளிக்கிட்ட அண்டைக்கு கேற்றடிக்கு வந்து கை தந்து அனுப்பினது. வேற ஒருத்தரும் வரேல்லை. நான் மறக்கேல்லை.”

உண்மைதான். தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று அவருக்குத் தெரியாது.

அன்னதானத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு மனைவி புஷ்பத்தோடு வந்தவர். மா பிசைந்து பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. “அங்கையும் பிசையிற வேலைதான் சேர், ஆனா மெசின் பிசையுது, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்” என்று சிரித்தார். இரண்டு வருடமாக வீட்டுக்கு அருகே கவுன்சில் நடத்தும் மாலைக் கல்வி நிலையத்தில் மட்பாண்ட வகுப்புக்குப் போகிறார். மாணவராகத்தான் சேர்ந்தார். சக மாணவர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு இவரிடம் கேட்கத் தொடங்கவே, நிலையத்தை நடத்தும் பெண்மணி கவனித்திருக்கிறாள். வருகிற தவணையில் பீங்கான் மண்ணுக்கென்று தனி வகுப்புத் தொடங்க வேண்டுமாம். பன்னிரண்டு கிண்ணம் செய்து காட்டு, வெளியே பிடிக்கிற விரலின் நிழல் உள்ளே தெரியவேண்டும், சரியென்றால் வகுப்பு உனக்கு என்றாளாம்.

“பிறகென்ன?” என்றேன்.

“நான் இங்க வந்து சாதாரண மண்தான் சேர் தொட்டது. பீங்கான் மண்ணெண்டா கை நடுங்குது. அந்தச் சாடியளுக்குப் பிறகு என்ர கையை நானே நம்பிறேல்லை. மண்ணாவது நல்லதா இருந்தாச் சமாளிப்பன். பிள்ளையாரா உங்களை அனுப்பியிருக்கிறார். நீங்கள் ஒரு மண் தெரிஞ்சு தாங்கோ.”

சாம்பாரில் கை வைத்தபடி இருந்தேன். மகன், “அப்பாவுக்கு அதுதானே வேலை, சந்தோசமாச் செய்வார்” என்றான்.

திங்கட்கிழமை மண் வாங்கப் போனோம். கிழக்கே ஒரு ரயில் பாலத்துக்கு அடியில், பழைய குதிரைலாயம் போன்ற இடம். உள்ளே கம்பளிச் சட்டை முழுக்க வெள்ளைத் தூசியோடு ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். எங்கள் தொழிற்சாலையில் மண் லொறியில் வந்தது. நான் வேதியியல் அட்டவணையைப் பார்த்துக் கையெழுத்திட்டேன். இங்கே மண், பாண் போலப் பொதி செய்து தட்டில் இருந்தது. மூன்று வகைப் பீங்கான் மண். மூன்றிலும் வெள்ளை என்றும் வனைய ஏற்றது என்றும் அச்சடித்திருந்தார்கள். எதில் என்ன எவ்வளவு என்று ஒன்றிலும் இல்லை.

அட்டவணை தரமுடியுமா என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அட்டவணையையா வனையப் போகிறீர்கள்?” என்றாள். பிறகு இரக்கப்பட்டு ஒவ்வொரு பையாகத் தட்டிச் சொன்னாள். “இது பேரழகி, சொன்னபடி கேட்காது. இது சொன்னபடி கேட்கும், ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் சுவர் மாதிரி. இது நடுவில். இரண்டு பேருடைய கெட்ட குணமும் இதில் உண்டு. ஆனால் நான் வீட்டில் பயன்படுத்துவது இதைத்தான்.”

“எதை வாங்கலாம்?” என்று தவராசா என்னைக் கேட்டார். முப்பது ஆண்டு மண்ணோடு இருந்தவன் நான். எனக்குத் தெரியவில்லை. மூன்றையும் வாங்கினோம்.

இரண்டு பைகளை அவர் தோளில் போட்டுக்கொண்டார். மூன்றாவதை என் மருமகளின் சக்கரம் வைத்த சந்தைப் பையில் வைத்து நான் இழுத்தேன். ஏர்ல்ஸ் கோர்ட் நிலையத்தில் மாறவேண்டும். அங்கே ஒரே மேடையில் நாலு ஊருக்கு ரயில் வருகிறது. வெள்ளவத்தையில் வடக்கே போனால் கோட்டை, தெற்கே போனால் காலி; குழப்பத்துக்கு இடமே இல்லை. இங்கே அம்புக்குறிப் பலகை எந்த ரயிலைச் சொல்கிறது என்று பார்க்க, பையை விட்டுவிட்டு நாலடி முன்னே போனேன். அதற்குள் விம்பிள்டன் ரயில் வந்து, தவராசா ஏறி, கதவு மூடிவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், என் பையைச் சுற்றி ஒரு வெற்றிடம். சனங்கள் விலகி நிற்கிறார்கள். நிலைய அலுவலர் ஒருவர், இது யாருடையது என்று கத்துகிறார். அது குண்டுப் பயமிருந்த காலம். ஒரு குப்பைத் தொட்டிகூட நிலையங்களில் கிடையாது.

“என்னுடையது” என்றேன்.

“உள்ளே என்ன?”

“மண்.”

“எதற்கு மண்?”

கொழும்பில் சோதனைச் சாவடிகளில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக் காட்டிப் பழகியவன் நான். மிகுந்த பணிவோடு பொதியைப் பிரித்தேன். அவர் பேனாவால் குத்திப் பார்த்தார். பேனா உள்ளே போய் நின்றது.

அடுத்த ரயிலில் தவராசா திரும்பி வந்துவிட்டார். “அஞ்சு நிமிசம் விட்டா எங்களை நாட்டை விட்டே கலைப்பிச்சிடுவியள் போல கிடக்கு” என்று எனக்குச் சொல்லிவிட்டு, அலுவலரிடம் ஆங்கிலத்தில், “இவர் என்னுடைய பெரியவர், விஞ்ஞானி. எனக்காக வந்திருக்கிறார்” என்றார். அலுவலர் பேனாவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நான் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விம்பிள்டன் வரை நின்றே வந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் அவர் ஷிப்ட் முடிந்து வகுப்புக்கு வந்து, ஒவ்வொரு மண்ணிலும் நாலு கிண்ணம் வனைந்தார். நான் ஸ்டூலில் இருந்து பார்த்தேன். அவர் கை நடுங்கவில்லை. அடியை மூன்று முறை அமுக்கினார்; நடுவிலிருந்து வெளியே, வெளியிலிருந்து நடுவுக்கு, மறுபடியும். தொழிற்சாலையில் அவர் வேலைசெய்வதை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பேரழகி மண் அவர் கையிலேயே தயிர்போலத் தளர்ந்தது. ஆனாலும் நாலையும் சரியாமல் நிறுத்திவிட்டார்.

வகுப்பில் ஒரு கிழவி தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது: “அவர் மண்ணோடு பேசுவதே இல்லை, கவனித்தாயா? என் கணவனும் என்னிடம் பேசுவதில்லை. அதனால் எனக்குத்தான் ஒரு பயனும் இல்லை.”

காயும்வரை ஒரு கிழமை காத்திருந்தோம். அதற்குள் மகனோடு சவுத்தால் கடைத்தெருவுக்குப் போய் மாம்பழப் பெட்டி வாங்கினேன். வீட்டில் திறந்தால் அடியில் எல்லாம் அழுகல். பேசாமல் மேலே உள்ளதை மட்டும் சாப்பிட்டோம்.

அடுத்த புதன்கிழமை கிண்ணங்களைக் கவிழ்த்துப் பார்த்தோம். சொன்னபடி கேட்கிற மண்ணில் ஒன்றும் வெடிக்கவில்லை. நடுவில் உள்ளதில் ஒன்று. பேரழகியில் நாலும். நாலின் அடியிலும் அதே பாம்பு.

தவராசா அந்த நாலையும் வரிசையாக வைத்தார்.

“அதே வெடிப்பு, சேர். பதினெட்டு வருசம் கழிச்சும் என்ர கை என்னை விடேல்லை. அந்தப் பொம்பிளையிட்ட வகுப்பு எனக்கு ஏலாதெண்டு சொல்லப்போறன்.”

“இது மண்ணின் குற்றம். இழுபடாத மண். யார் கை வைத்தாலும் இதுதான்.”

“நீங்கள் ஆறுதலுக்குச் சொல்லுறியள்.”

“இல்லை, தவராசா. மண்தான்.”

“நீங்களே படிச்சுப் பாத்து எழுதினதுதானே அண்டைக்கு. அண்டைக்கு இருந்த கைதானே இது.” கோபமில்லாமல் சொன்னார். என் அறிக்கையை என்னைவிட அவர்தான் நம்பியிருந்தார். அதை மறுக்க நான் இப்போது சொல்வது எதுவும் போதாது, ஒன்றைத் தவிர.

சொன்னேன். களிமண்ணைப் பாதியாக்கியதை, பியதாசவிடம் கொடுத்ததை, உடைத்ததை. நான் ஆய்வுகூடத்தில் பேசுவதுபோல வரிசையாகச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் கம்பியையும் பஞ்சையும் கழுவத் தொடங்கினார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“எத்தினை வெடிச்சது?”

“பத்துக்கு ஏழு.”

“பியதாச எனக்கு ஒண்டும் சொல்லேல்லை.”

“நான்தான் சொல்லவேண்டாம் என்றேன்.”

“விசாரணைக்கு முந்தியோ, பிந்தியோ?”

“முந்தி.”

குழாயை மூடினார். கைகளைத் துடைத்தார். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர், “வீட்டுக்கு வாங்கோ. புஷ்பத்துக்குச் சொல்லவேணும். நான் சொன்னா நம்பமாட்டா” என்றார்.

வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு கடைக்கு மேலே. புஷ்பம் ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். இடியப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பொரியலும் மேசைக்கு வந்தன. “சேர் வாறது தெரிஞ்சா மீன் வாங்கியிருப்பன்” என்று கணவனைக் கடிந்தாள். “சாப்பிடமுதல் சேர் ஒரு கதை சொல்லவேணும்” என்றார் தவராசா. இரண்டாம் முறை சொல்வது முதல்முறையைவிடக் கடினமாக இருந்தது. சொதி ஆறிக்கொண்டிருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. கணவனைப் பார்த்தாள். “இவரை நான் எத்தினை தரம் சொல்லியிருக்கிறன். ஒரு கிளாஸ் விழுந்தாலும் உந்தக் கைதானே எண்டுவன். என்ர அண்ணை பிடிச்சுக் குடுத்த வேலை. அண்ணை இவரோட கதைக்காமலே செத்தது.” நிறுத்தினாள். “இதை எழுதித் தாங்கோ.”

“யாருக்குக் காட்ட, அம்மா? தொழிற்சாலையே இப்போது இல்லை.”

“ஆருக்கும் காட்ட இல்லை. எழுதுங்கோ. இங்கிலீஷில எழுதுங்கோ. அண்டைக்கும் இங்கிலீஷிலதானே எழுதினியள்.”

ஒரு கொப்பியில் நடுத்தாளைக் கிழித்துத் தந்தாள். அரைப் பக்கம் வந்தது. கையொப்பமிட்டேன். தவராசா வாங்கி வாசித்தார். ஓர் இடத்தில் விரல் வைத்து, “இந்த ‘ஒருவேளை’ ஏன்?” என்று கேட்டார். வெட்டினேன். பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு மூவரும் சாப்பிட்டோம். அதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இடியப்பம் நன்றாக இருந்தது.

புறப்படும்போது, சொன்னபடி கேட்கிற மண்ணையே எடுக்கும்படி சொன்னேன். வெடிக்காது, வகுப்புக் கிடைத்துவிடும். “நிழல் தெரியாதே” என்றார் தவராசா. கொஞ்சம் தடிப்பைக் குறைத்தால் தெரியலாம் என்றேன். “மண்ணை நான் எடுக்கிறன்” என்றார். வாசலுக்கு வரவில்லை.

பஸ் தரிப்பு வரை புஷ்பம் வந்தாள். தூறிக்கொண்டிருந்தது. அவளிடம் குடை இருந்தது. என் பக்கம் நீட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

“உங்களுக்கு இப்ப சுகமா இருக்கும்” என்றாள்.

நான் பஸ் வரும் பக்கம் பார்த்தேன்.

“நீங்கள் இறக்கி வைச்சிட்டுப் பிளேனேறிப் போறியள். நான் இந்த மனுசனோட இருக்கவேணும். பதினெட்டு வருசமா நான் சொன்னதெல்லாத்தையும் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?”

பஸ் வந்தது. அவள் கைகாட்டி அதை நிறுத்தினாள், நான் நிறுத்தியிருக்கமாட்டேன். அது தவறான பஸ் என்பது கிங்ஸ்டன் வந்த பிறகுதான் தெரிந்தது.

மிகுதி நாட்களில் நான் கோயிலுக்குப் போகவில்லை. மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தேநீர் போட்டுத் தந்து, “இதை ஏன் அப்பா எனக்குச் சொன்னீங்கள்?” என்று கேட்டான். தவராசா எந்த மண்ணை எடுத்தார், வனைந்தாரா, விட்டுவிட்டாரா என்று தெரியாமல் தினமும் தொலைபேசிக்குப் பக்கத்தில் பேப்பர் வாசித்தேன். நானாகக் கூப்பிடும் உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். பயம் என்று சொல்வதுதான் சரி.

பயணத்துக்கு நாலு நாள் முன்பு, காலையில் மணியடித்தது.

“தவராசா கதைக்கிறன்.”

“சொல்லுங்கள்.”

“நடுவில இருந்த மண்ணைத்தான் எடுத்தன். பதினாலு கிண்ணம் பிடிச்சன். நேற்றுச் சூளை திறந்தது. விரல் தெரியுது. அந்தப் பொம்பிளை ஒவ்வொண்டா யன்னலில தூக்கிப் பிடிச்சுப் பாத்தவ. ஒரு தவணைக்கு வகுப்புத் தந்திருக்கினம்.”

“வெடிப்பு?”

“ரெண்டு.”

“அந்த மண்ணில் அப்படித்தான் வரும். இழுபடும் தன்மை கொஞ்சம்—”

“மண்ணில பிழையில்லை” என்றார். “நித்திரையில்லாமல் ஷிப்ட் முடிச்சு வந்து கடைசியாப் பிடிச்ச ரெண்டு. அடியை ஒருக்காத்தான் அமுக்கினன். எனக்குத் தெரியும்.”

அப்படியானால் சரி என்றேன். புஷ்பம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். வேலைக்குப் போய்விட்டாள் என்றார். நான் வேறு என்ன கேட்பது என்று தேடிக்கொண்டிருந்தபோது, வகுப்புக்கு மண் குழைக்கவேண்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.